கட்டைவிரல் காயம்

மேனேஜரைத் துண்டில் சுருட்டி மடியில் இறுக்கிக்கொண்டாள் என் மனைவி. தலை மட்டும் வெளியே தெரிந்தது.

மேனேஜர் எங்கள் பூனை. வீட்டில் யார் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று முடிவு செய்வது அதுதான் என்பதால் அந்தப் பெயர். பல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஏழு நாள்.

எதிரே என் தங்கை. ஊசி இல்லாத சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சி, வெளிச்சத்தில் தூக்கி அளவு பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கையில் சிரிஞ்சு வந்துவிட்டால் அவளுக்குப் பூனையும் ஒன்றுதான், மந்திரியும் ஒன்றுதான்.

நான் ஓரமாக நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கு, கடைவாயில் விடு, மெதுவாக, மெதுவாக. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து பழகிவிட்டது.

இருவரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

நானே செய்திருப்பேன். ஆனால் பூனை வீட்டுக்கு வந்த முதல் நாள் மாலை, மனைவி தையல் மெஷினில் இருந்த நேரம் பார்த்து, தனியாக மருந்து கொடுக்கப் போய் வலது கட்டைவிரலில் கடி வாங்கிக்கொண்டேன். பெரிய கட்டு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானேதான் மாற்றிக்கொள்கிறேன். அடுத்தவர் கை பட்டால் உயிர் போகிறது.

மருந்து கொடுக்க இரண்டு ஆள் வேண்டும். பிடிக்க ஒருவர், ஊற்ற ஒருவர். நான் உதவாக்கரை ஆகிவிட்டதால் மாடியில் குடியிருக்கும் தங்கையைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அதில் ஒரு சிக்கல். எட்டு மாதமாக அவளுக்கும் என் மனைவிக்கும் பேச்சில்லை.

காரணம் ஒரு சட்டை. தங்கை பரிசோதனைக் கூட வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போட்டுக்கொள்ள என் மனைவி கண் விழித்துத் தைத்துக் கொடுத்தது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்றாள் தங்கை. கையெல்லாம் சரிதான், தோள்தான் கோணல் என்றாள் மனைவி. யாராவது அளவு நாடாவை எடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். யாரும் எடுக்கவில்லை. அந்தச் சட்டையோடு போய்த்தான் வேலை கிடைத்தது என்பதையும் இருவரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

அதுவரை நகமும் சதையுமாக இருந்தவர்கள். அதற்குப் பிறகு, படியில் செருப்புச் சத்தம் கேட்டால் இங்கே கதவு சாத்தப்படும். இருவரும் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

முதல் நாள் இருவரும் பூனையிடம் மட்டும் பேசினார்கள். துண்டை இன்னும் இறுக்கச் சொல்லு என்று தங்கை பூனையிடம் சொல்வாள். நிதானமாக ஊற்றச் சொல்லு என்று மனைவியும் அதே பூனையிடம் சொல்வாள். மயக்கம் முழுசாகத் தெளியாத அந்த ஜீவன் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது.

மூன்றாம் நாள் பூனை தூது போவதிலிருந்து விடுபட்டது. பிடி, விடு, போதும் என்று நேராகவே வந்தது பேச்சு. நேற்று, மீனை இன்னும் கொஞ்சம் குழைவாக மசிக்கலாமா என்று ஒரு முழு வாக்கியம். அடுத்த அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

இன்று கடைசி வேளை.

மருந்து உள்ளே போயிற்று. மேனேஜர் முகத்தைச் சுளித்தது, தும்மியது, துண்டிலிருந்து நழுவி இறங்கியது. தங்கை சிரிஞ்சைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

நாளைக்கு அவள் இறங்கி வர ஒரு காரணமும் இல்லை. மனைவி கூப்பிடப் போவதில்லை. கூப்பிடாமல் தங்கை வரப் போவதுமில்லை. இரண்டு பேரையும் எனக்குத் தெரியும்.

விரல் இன்னும் விண் விண்ணென்று தெறிக்கிறது என்று முனகினேன். வேறொன்றும் தோன்றவில்லை.

மனைவி எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். வேண்டாம், வலிக்கும் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். தங்கையும் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

விரல் பிறந்த குழந்தையின் விரல்போல இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

மனைவி மேனேஜரைத் தூக்கி, என் முகத்துக்கு நேராகப் பிடித்து, அதன் உதட்டை விலக்கிக் காட்டினாள்.

மேலே வெறும் ஈறு. கீழேயும் வெறும் ஈறு. டாக்டர் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

பூனையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது மனைவிதான். எத்தனை பல் எடுத்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. இவர்கள் இரண்டு பேரும் ஏழு நாளாக, வேளை தவறாமல், அந்த வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எனக்குக் காது சுட்டது. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மனைவி மேனேஜரை இறக்கிவிட்டாள். அலமாரியிலிருந்து புதிய துணிச்சுருளை எடுத்துவந்து, அந்த விரலை முன்பைவிடப் பெரிதாக, பிசிறில்லாமல் சுற்றிக் கட்டினாள்.

"காயம் இன்னும் ஆறல," என்றாள், யாரையும் பார்க்காமல். "விவரம் தெரிஞ்சவங்க யாராவது தினம் வந்து பாத்தா நல்லாருக்கும்."

தங்கை என் விரலை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பி, நிதானமாகப் பார்த்தாள்.

"கடி ரொம்ப ஆழம், அண்ணி. ஒரு மாசமாவது ஆகும்."