மொட்டைக் கடிதம் போட்டவன்

"எழுதினது நீதானே?"

டிரைவர் எடுத்த எடுப்பிலேயே இப்படிக் கேட்டதும், கண்டக்டர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னத்தை?"

"நடிக்காதே. எனக்குக் கால் துடிக்குது, நரம்பு வியாதியா இருக்கும்னு மேனேஜருக்கு மொட்டைக் கடிதம் போயிருக்கு. ஆஸ்பத்திரியில எல்லா சோதனையும் முடியற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுன்னுட்டார்."

"டெப்போவுல நூத்தம்பது பேர் இருக்கோம்."

"என் கால் துடிக்கிறது நூத்தம்பது பேருக்கா தெரியும்? உன் ஒருத்தன்கிட்டதானே சொன்னேன்."

அது உண்மைதான். ஒன்பது வருஷமாக இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே ரூட். இரண்டு மாதத்துக்கு முன்னால் டிரைவரின் வலது கெண்டைக்கால் தானாகவே துடிக்க ஆரம்பித்தது. தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி. மனுஷர் சும்மா இருக்காமல் செல்போனில் தேடினார். நரம்பு செத்துப்போகும், கை கால் சூம்பிப்போகும், அப்புறம் இரண்டு மூன்று வருஷம்தான் என்று அது சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிரிப் முடிந்ததும் வண்டிக்குப் பின்னால் போய் ஒற்றைக்காலில், அதுவும் நுனிக்காலில் நின்று பார்ப்பார். டேப் வைத்து இரண்டு காலையும் அளந்து பார்ப்பார். டாக்டரிடம் மட்டும் போக மாட்டார். போனால் லைசென்ஸ் போய்விடும் என்பது வெளியில் சொன்ன காரணம். போனால் தெரிந்துவிடுமே என்பதுதான் உள்ளே இருந்த காரணம்.

"டாக்டரைப் பாரு பாருன்னு தினம் நச்சரிச்சே. நான் கேக்கலேன்னதும் போட்டுக் குடுத்துட்டே. அப்படித்தானே?"

கண்டக்டர் கிளாஸில் மிச்சமிருந்த டீயைத் தரையில் ஊற்றினார். பிறகு, "சரி, நான்தான். இப்ப என்னங்கிறே?" என்றார்.

"கூடவே இருந்து குழி பறிச்சுட்டியேடா. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே."

வீட்டில் அதுவரை மூச்சு விடாதவர், வேறு வழியில்லாமல் அன்றைக்கு மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"யார் எழுதினா என்னங்க? ஆபீஸ் உத்தரவு. பாத்துட்டு வந்துடுங்க."

"என்னவா? என் பொழப்புல கை வெச்சவனை விடச் சொல்றியா? பெத்த தாயே எழுதியிருந்தாலும் அப்புறம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்."

அவள் மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

சோதனைகள் மூன்று வாரம் இழுத்தன. சுத்தியலால் முட்டியில் தட்டினார்கள், காலில் ஊசி குத்தி மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். கண்டக்டர் இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார். டிரைவர் அவரைப் பார்த்ததும் ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டார்.

கடைசியில் டாக்டர் ஃபைலை மூடிவிட்டுச் சிரித்தார்.

"உங்க கால்ல பலம் குறையவே இல்லை. நரம்பு எல்லாம் சுத்தமா இருக்கு. தூக்கம் கம்மி, காபி ஜாஸ்தி, எல்லாத்துக்கும் மேலே பயம். துடிச்சா பயப்படுறீங்க, பயந்தா இன்னும் துடிக்குது. போய் வண்டியை ஓட்டுங்க."

வெளியே வந்து மரத்தடியில் நின்று டிரைவர் அழுதார். ஐம்பது வயது ஆள் ரோட்டோரத்தில் அழுகிறாரே என்று யார் பார்த்தாலும் அவருக்குக் கவலையில்லை.

மறுநாள் சர்ட்டிபிகேட்டோடு மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

"சார், ஒரே ஒரு வேண்டுகோள். எனக்கு வேற கண்டக்டரைப் போடுங்க."

"ஏன்? நகமும் சதையுமா இருந்தீங்களே."

"மொட்டைக் கடிதம் போட்டவனோட எப்படி சார் வண்டியில போறது? அவனே ஒத்துக்கிட்டான்."

மேனேஜர் புருவத்தைச் சுருக்கினார். மேஜை டிராயரைத் திறந்து, டைப் அடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"உங்ககிட்ட காட்டக் கூடாதுதான். ஆனா வீணா ஒருத்தர் மேல பழி போட வேண்டாம். படிச்சுட்டுக் குடுங்க."

டிரைவர் படித்தார்.

'தூங்கின பிறகும் அவர் கால் துடித்துக்கொண்டே இருக்கிறது. விடிய விடியக் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். நரம்பு வியாதியாக இருக்குமோ என்று தோன்றுகிறது. ஒன்றுமில்லாத மாதிரி நடந்துகொள்கிறார், ஆனால் மிகவும் பயந்துபோயிருக்கிறார். நான் சொன்னால் டாக்டரிடம் போக மாட்டார். ஆபீஸ் உத்தரவு என்றால் தட்ட மாட்டார். தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.'

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக வண்டி நின்ற இடத்துக்குப் போனார்.

வண்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து கண்டக்டர் டிக்கெட் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் நகர்ந்து இடம் விட்டார்.

"எழுதினது நீ இல்லை."

"கால் எப்படி இருக்கு? அதைச் சொல்லு முதல்ல."

"ஒண்ணுமில்லையாம். பேச்சை மாத்தாதே. செய்யாததை ஏன்டா செஞ்சேன்னு சொன்னே?"

"நான் எழுதலைன்னு எனக்குத் தெரியும். நீ வேற யார்கிட்டயும் சொல்லலை. அப்புறம் உன் காலைப் பாக்கிற இன்னொரு ஆள் யாரு? நான் இல்லைன்னு சொல்லியிருந்தா, நேரா வீட்டுக்குத்தானே போயிருப்பே?"

"போயிருந்தா?"

"நீ மூணு வாரம் பேசலை. எனக்கு அரட்டை அடிக்க டெப்போ நிறைய ஆள் இருக்கு. தங்கச்சிக்கு அந்த வீட்டுல நீ ஒருத்தன்தானேடா இருக்கே."