வெள்ள லீவு

இப்போதெல்லாம் லீவு போடுவதற்குக்கூட மரியாதையாக ஒரு பொய் சொல்ல ஆளில்லை என்பது பிஸ்கட் கம்பெனி வாட்ச்மேன் வெள்ளைச்சாமியின் வருத்தம். முன்பெல்லாம் இருக்கிற ஒரே தாத்தாவை மூன்று தரம் சாகடித்துவிட்டு வருவார்கள். இப்போது என்னடாவென்றால், தீயணைப்புப் படகில் ஏறி வெள்ளத்தில் ஆள் மீட்கப் போனேன் என்கிறார்கள். கம்பெனியும் நம்பிச் சம்பளத்தோடு லீவு தருகிறது.

அப்படிப் போன பேக்கிங் அருளப்பன் இன்று திரும்பியிருந்தான். பின்னாலேயே ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி.

"ஊரக் காப்பாத்தப் போனியா, சந்தைக்குப் போனியா?" வெள்ளைச்சாமி கேட்டை மறித்தார். "மேனேஜர்ட்ட சொல்றேன் இரு. பொய்னு தெரிஞ்சா வேலையே போயிரும்."

"கூரை மேல தனியா நின்னுச்சு பெருசு. தோள்ல தூக்கியாந்தேன். யாரு ஆடுன்னும் தெரியல, விட்டுட்டுப் போகவும் மாட்டேங்குது. தண்ணியப் பாத்தாப் போதும், தோள்ல ஏறிக்குது."

"ஏறுமா? பாத்துருவோம்."

செடிக்கு வைத்திருந்த வாளியைக் குனிந்து தரையில் கவிழ்த்தார். தண்ணீர் காலடிக்கு வந்ததுதான் தாமதம், குட்டி ஒரே தாவாகத் தாவியது. அருளப்பனிடம் அல்ல. குனிந்திருந்த வெள்ளைச்சாமியின் முதுகில் ஏறி, தோளில் உட்கார்ந்து, கழுத்தோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

ஷிப்டுக்கு வந்தவர்கள் விசிலடித்தார்கள். சங்கு ஊதியது.

"எறக்கி விடு பெருசு, தண்ணி வடிஞ்சிருச்சு."

"எனக்குத் தெரியும். போடா உள்ள."

கேட்டைத் திறந்துவிட்டார். "நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கான் திருட்டுப்பய" என்று முணுமுணுத்தபடி, குட்டியை இறக்காமலே, ஈரம் இல்லாத பக்கமாகப் பார்த்து நடந்தார்.