நாலு கிலோ பொய்

"கப்பலையே கவுக்கப் பாத்தீரே, பாய்!"

தாராவியிலுள்ள தோல்பைப் பட்டறைக்குள் காலெடுத்து வைத்ததுமே மிக்கேல்ராஜ் முழங்கினார். ஏற்றுமதி ஏஜெண்டான அவருக்கு நேர்மை உயிர். அதைப் பிறரிடம் தேடுவது அதனினும் உயிர்.

"மொதல்ல ஒரு சாயா குடியும்," என்றார் பட்டறை முதலாளி காசிம்.

"சீனியைத் தொடக்கூடாதுன்னு எம் பொண்டாட்டி கிளாரா உத்தரவு. எடை குறையணுமாம். அத விடும்! நீர் எழுதிக் குடுத்ததவிட உம்ம கன்டெய்னர் ஆயிரத்து எரநூறு கிலோ கூட இருக்கு. துறைமுக கேட்ல மறிச்சிட்டான். சாயங்காலம் கப்பல் போயிட்டா ஆர்டரும் போச்சு!"

"அல்லா மேல ஆணையா, முந்நூறு பெட்டியையும் ஒவ்வொண்ணா நிறுத்துத்தான்வே எழுதினேன்!"

"எதுல நிறுத்தீரு?"

பட்டறைத் தராசு பழுதாகிவிட்டதால், மாடியிலிருந்த வீட்டிலிருந்து ஆள் ஏறி நிற்கும் எடை மெஷினை இறக்கியிருந்தார் காசிம். அதைச் சுட்டிக் காட்டினார்.

மிக்கேல்ராஜ் குனிந்து நோக்கினார். மெஷின் மேல் ஒரு தூசுகூட இல்லை. முள்ளோ பூஜ்யத்துக்கு நாலு கிலோ பின்னால் நின்றது.

"அடப் பாவி! பெட்டிக்கு நாலு கிலோ! முள்ள நகத்துற திருகத் திருப்பி வச்சது யாரு?"

காசிம் வாய் திறக்குமுன், மாடிப்படியில் அவர் மனைவி சாயிராவின் குரல் கேட்டது.

"ஏங்க, மெஷின மேல கொண்டாங்க. தம்பி, நாலு கிலோ குறைஞ்சிட்டேன் தெரியுமா? குறையலியேன்னு பட்டினி கெடந்து மயங்கியே விழுந்தேன். இப்பத்தான் வயிறாரச் சாப்பிடுதேன்."

காசிம் கையெடுத்துக் கும்பிட்டுக் கிசுகிசுத்தார்: "நான்தான்வே திருப்பினேன். பெட்டி நிறுக்கையில அது ஞாபகமே இல்ல. சரியான எடைய அனுப்பிரும். எனக்குக் கள்ளன்னு பேரு வந்தாலும் சரி, அவளுக்கு மட்டும் தெரியாண்டாம்."

மிக்கேல்ராஜ் எடைச் சீட்டைத் துறைமுகத்தில் கண்டபடி திருத்தி போனிலேயே அனுப்பினார். கன்டெய்னரை உள்ளே விட்டுவிட்டதாகப் பதில் வந்தது. ஆயினும் அவரது நேர்மை நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. ஒரு வீட்டில் இத்தகைய பொய் இருக்கலாமா?

"தம்பியும் ஒருக்க ஏறிப் பாருங்களேன்," என்றாள் சாயிரா.

ஏறினார். முள்ளை நெடுநேரம் உற்று நோக்கினார். பிறகு மெதுவாக இறங்கி, காசிமின் காதோரம் குனிந்தார்.

"கப்பல் சட்டம் வேற, குடும்பம் வேற, பாய். திருகுல கை வச்சிராதியும். நாளைக்கு கிளாராவக் கூட்டிட்டு வாறேன். என் எடைய அவ கண்ணாலயே பாக்கட்டும்!"