அனுப்பு பட்டன்

“இதுக்குப் பேரு புகார்ப் பெட்டியா?” லேப் ஆசிரியை மானிட்டரை வெடுக்கெனத் திருப்பினார். “விண்டோஸ், லினக்ஸ், மேக், எல்லாத்துலயும் ஓடுது. ஆனா எதுலயும் ஒண்ணும் செய்யல.”

மாணவி தலைகுனிந்தாள். கல்லூரிக்காக அவள் செய்துகொடுத்த செயலி அது.

“லேப்ல ஒயர் பிஞ்சு ஷாக் அடிக்குதுன்னு இதுல எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. ‘அனுப்பு’ பட்டனை அமுக்கினா ‘நன்றி, உங்கள் புகார் பதிவானது’ன்னு வருது. புரோகிராமைத் திறந்து பார்த்தா, பட்டனுக்குப் பின்னாடி அந்த நன்றி மட்டும்தான் இருக்கு. புகார் எங்கயும் போகவே இல்ல. பட்டனைப் புகார் அனுப்புற ஃபங்ஷனோட இணைக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல விழலையா?”

“இணைச்சுதான் மேடம் கொடுத்தேன். புகாரெல்லாம் நேரா நம்ம கல்லூரி முதல்வர் மெயிலுக்குப் போச்சு.”

“அப்புறம்?”

“அவரே கூப்பிட்டு, நன்றி மட்டும் போதும், மத்ததை எடுத்துடுன்னார். எடுத்தப்புறம்தான் ‘இப்ப அருமையா இருக்கு’ன்னு பாராட்டினார்.”

ஆசிரியை கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீ வீட்டுக்குப் போம்மா. கல்லூரி வாசல்ல இருக்கிற பெரிய திரையோட இந்தப் பட்டனை நானே இணைச்சுக்கறேன்.”