எரியாத விளக்கு

"அந்தச் செவப்பு வெளக்கு மட்டும் எரிஞ்சிருந்தா முத்தம்மா பிள்ள செத்திருக்காது, மச்சான்."

பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ராமையா இதைத்தான் சொன்னார். மெக்கானிக் பத்துமலை காரின் முன்மூடியை இறக்கினான். அந்த மழை நாளிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ராமையா ஈப்போவில், சிலிபின் பகுதியில் டாக்சி ஓட்டுபவர். பத்துமலையின் தங்கை காளியம்மாவின் கணவர். பத்துமலையைத் தவிர வேறு எந்த மெக்கானிக்கையும் தன் வண்டியைத் தொட விட்டதில்லை.

அன்று செம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, பிரசவ வலியில் துடித்த முத்தம்மாவை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்தார். தோட்டத்துச் செம்மண் பாதையில் கல் அடித்து, இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி விரிசல் விட்டிருந்தது. நெடுஞ்சாலை வராத காலம். பழைய சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, எண்ணெய் முழுக்க ஒழுகி இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. நல்ல மழை வேறு. இன்னொரு வண்டி வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. தாய் மட்டும் பிழைத்தாள்.

எண்ணெய் குறைந்தால் டிரைவருக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அது எரியவே இல்லை என்று ராமையா போலீசிலும் சொன்னார், தோட்டத்திலும் சொன்னார். எரிந்திருந்தால் செம்மோர் கடைத்தெருவிலேயே நிறுத்தி வேறு வண்டி பிடித்திருப்பேன் என்றார். அந்த விளக்கைத் தீபாவளிக்கு முன்புதான் பத்துமலை மாற்றியிருந்தான்.

ராமையா பொய் சொல்கிற ஆளில்லை. எல்லாரும் நம்பினார்கள். பத்துமலையும் நம்பினான்.

கொஞ்ச நாளாகவே அவர் வண்டியில் ஏதாவது ஒரு குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். முன்விளக்கு மங்கலாக எரிகிறது, பேட்டரியை மாற்று என்றார். மாற்றிக் கொடுத்தான். அப்புறமும் மங்கல்தான் என்றார். அப்போதே வயர்களையெல்லாம் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது பத்துமலை தன்னையே நொந்துகொண்டான்.

துக்கம் கேட்கத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனபோது முத்தம்மாவின் கணவன் மாயாண்டி அவனை உட்காரச் சொல்லவில்லை. "பேருகூட பாத்து வச்சிருந்தோம்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அதன் பிறகு தோட்டத்து வண்டி எதுவும் பத்துமலையின் பட்டறைக்கு வரவில்லை.

வழியில் நின்றுபோன அந்த வண்டியின் விளக்குப் பல்பைக் கழற்றிப் பேட்டரியில் வைத்துப் பார்த்தான். எரிந்தது. எண்ணெய் குறைவதை விளக்குக்குத் தெரியப்படுத்தும் சுவிட்சும் நன்றாகவே இருந்தது. அப்படியானால் மிச்சம் வயர்தான். தன் கை சரியாக முறுக்காமல் விட்ட வயர். சோற்றில் கை வைத்தால் அந்த வயர்தான் நினைவுக்கு வந்தது. இந்த ஒரு வண்டியை முடித்துக் கொடுத்துவிட்டுப் பட்டறையை மூடிவிடப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டான்.

இஞ்சினைப் பிரித்துச் சேர்த்தான். பல்பு, சுவிட்ச், வயர், பியூஸ் எல்லாமே புதிதாகப் போட்டான்.

இன்று ராமையா வண்டியை எடுக்க வந்திருந்தார். காளியம்மாவும் கூட வந்திருந்தாள். மறுநாள் ஒரு கல்யாண வீட்டுக் குடும்பத்தைப் பிள்ளைகுட்டிகளோடு பாரிட் புந்தாருக்கு ஏற்றிப்போக ஒப்புக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் மாத்திட்டேன் மச்சான். எடுத்துட்டுப் போலாம்," என்றான் பத்துமலை.

"எனக்கு நம்பிக்க இல்ல லா. மொதல்ல வெளக்கப் பாக்கணும்."

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. சாவியைத் திருப்பியதும், இஞ்சின் ஓடுவதற்கு முன்பு, அந்த விளக்கு எரிய வேண்டும். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். முதலில் எரியாவிட்டால் கோளாறு இன்னும் தீரவில்லை என்று அர்த்தம்.

ராமையா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பத்துமலை சன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். இஞ்சினை முடுக்கவில்லை.

ராமையா முன்னால் சாய்ந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். பிறகு மெல்லச் சீட்டில் சாய்ந்துகொண்டார்.

"பாத்தியா," என்றார். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான். "இன்னும் எரியல."

மறுபக்கத்துச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்த காளியம்மா அண்ணனை ஏறிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்துமலை சன்னலுக்குள் குனிந்து பார்த்தான். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் ஒரு நொடி இறங்கி, அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

"ஆமா மச்சான், எரியல," என்றான். "தப்பு என்னோடதுதான். வண்டி இங்கயே கெடக்கட்டும். பாரிட் புந்தாருக்கு நான் வேற ஆளு பாத்து அனுப்புறேன்."

சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பி உருவினான். அப்போதுதான் அந்தச் சிவப்பு விளக்கு அணைந்தது.