சுவர் ஏறி வந்த வேட்பாளர்

வீட்டின் பின்பக்கம் 'தொப்' என்று ஏதோ விழுந்தது. கூடவே ஒரு முனகல்.

குழந்தையை அப்போதுதான் தூங்க வைத்திருந்தாள். கணவனுக்கு இரவு ஷிஃப்ட். இருட்டிய பிறகு சின்னச் சத்தம் கேட்டாலும் அவளுக்குப் பயம்தான்.

சமையலறை ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தாள்.

"யாரது?"

"சத்தம் போடாதம்மா. நான்தான், உங்க வேட்பாளர்."

அதே குரல்தான். முந்தின நாள் மாலை முழுக்கத் தெருமுனையில் மைக் வைத்து, குழந்தையைத் தூங்கவிடாமல் நாட்டை முன்னேற்றிய குரல். இப்போது துணிக்கொடிக்குக் கீழே, சட்டையெல்லாம் சேறாக, ஒற்றைச் செருப்போடு நின்றது. சுவருக்கு வெளியே நாய்கள் உறுமின.

"இங்க எப்படி சார்?"

"அவசரம்னு சந்துல ஒதுங்கினேன். கூட வந்தது ரெண்டு வேன். நான் அதுல இருக்கேன்னு இவன் நினைச்சான், இதுல இருக்கேன்னு அவன் நினைச்சான். ரெண்டு பேரும் போயிட்டானுங்க. போனும் வேன்ல. கதவைத் திற தங்கச்சி."

பயத்தையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ராணுவத்தைப் பத்திப் பேசறப்போ, எவன் வந்தாலும் ஓரடி பின்வாங்க மாட்டேன்னீங்களே?"

"அது வேற நாடு வந்தா. இது நாய்ம்மா."

"நடுராத்திரியில பொண்ணுங்க பயமில்லாம நடக்கலாம்னீங்க."

"கண்டிப்பா நடக்கலாம்."

"இப்ப மணி எட்டுதான் சார் ஆகுது."

நாய் ஒன்று சுவரில் தாவிப் பார்த்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சுவர் ஏறிக் குதிச்சு வர்றவனைக் காரணமே கேக்காம வந்த வழியே அனுப்பணும்னும் சொன்னீங்க. அதுக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி."

"அது நாட்டு எல்லையைச் சொன்னேன்."

"நாடுங்கறது நம்ம வீடு மாதிரின்னு சொன்னதும் நீங்கதான்."

அவர் கெஞ்சினார். "உயிருக்குப் பயந்து வந்தவனை வாசல்ல நிக்க வச்சுக் கேள்வி கேக்கறியே, நியாயமா?"

அவள் சிரிப்பு நின்றது. கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்கண்ணே. மெதுவா, குழந்தை தூங்குது."

கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்ததும் பழைய குரல் திரும்பியது.

"இதை மறக்க மாட்டேன் தங்கச்சி. உன் ஓட்டு எனக்குத்தானே?"

"எனக்கு ஓட்டு இல்லண்ணே."

"ஏன், பேர் விட்டுப்போச்சா? ஒரு வார்த்தை சொல்லு, சேர்த்துடலாம்." பார்வை கதவோரம் இருந்த பையில் விழுந்தது. குழந்தைத் துணி, பால் புட்டி, போர்வை, எல்லாம் அடைத்துக் கட்டியிருந்தது. "எங்கேயோ கிளம்பற மாதிரி இருக்கே?"

"நீங்க ஜெயிச்சா கிளம்பணும். நாங்களும் உயிருக்குப் பயந்து எல்லைச் சுவர் ஏறிக் குதிச்சு வந்தவங்கதான்."

வெளியே நாய் சுவர் தாண்டிக் குதிக்கும் சத்தம் கேட்டது. அவரை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவள் கதவைத் தாழிட்டாள்.