இடது ஆட்காட்டி விரல்

வாக்குச்சாவடி மேசைமேல் சகாயமேரியின் இடது கை விரிந்து கிடக்கிறது. ஓட்டு லீவன்றும் ஆம்பூர் தோல் ஷெட்டில் சாயம் ஏற்றிவிட்டு நேராக வந்த கை; ஐந்து நகமும் கருநீலம். "ஏற்கெனவே மை இருக்குதேம்மா. மறுபடி போட முடியாது," என்கிறார் மை வைக்கும் அதிகாரி, முகத்தைப் பார்க்காமல். "அது சாயம் சார். அஞ்சு விரலும் நீலம், அஞ்சு ஓட்டா போட்டுட்டு வந்தேன்?" கட்சி ஏஜெண்டுகள் பெஞ்சில் சிரிப்பு. "போய்க் கழுவிட்டு வா," என்கிறார் அதிகாரி. பள்ளிக்கூடக் குழாயடியில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஆட்காட்டி விரலைச் செங்கல் துண்டில் வைத்துத் தேய்க்கிறாள். முதலில் நீலமாய் ஓடிய தண்ணீர் பிறகு சிவப்பாய் ஓடுகிறது. தோல் வழன்று வெளுத்த விரலை ஊதிக்கொண்டே வந்து, அதே மேசைமேல் நீட்டுகிறாள். அதிகாரி இப்போதுதான் குனிந்து உற்றுப் பார்க்கிறார். ஏஜெண்டுகள் பெஞ்சிலிருந்து சம்பத் எழுகிறார். தினமும் அவளோடு ஒரே வேனில் ஏறி, அதே ஷெட்டில் இறங்குகிறவர். "நல்லாப் பாருங்க சார். மத்த நாலும் நீலம், இது மட்டும் வெள்ளை. மையை அழிச்சிட்டு வந்திருக்குது." அவளைக் காட்டி நீளும் அவர் விரலின் நகமும் கருநீலம்.